பாலம் எஸ்.எம்.எஸ். அனுப்புகிறது

நான் நெடுஞ்சாலைத் துறையில் உதவிப் பொறியாளராக (ஏ.இ.) சேர்ந்தபோது, ஒரு பாலம் நன்றாக இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அரசாங்கம் எனக்குக் கொடுத்த கருவி ஒரு சுத்தி. ஸ்டாக் ரிஜிஸ்டரில் அதற்குத் தனிப் பக்கம் உண்டு. இடமாற்றல் வந்தால் சுத்தியை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கிளம்ப முடியும். மற்ற கருவியெல்லாம் அவரவர் சாமர்த்தியம். சாக்பீஸ், பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டரின் தயவு. விரிசலின் அகலத்தை அளக்கும் லென்ஸ் கோட்டம் முழுவதற்கும் ஒன்றே ஒன்று. அது பீரோவில் இருக்கும், பீரோ சாவி ஹெட்கிளார்க்கிடம் இருக்கும், ஹெட்கிளார்க் அநேகமாக விடுப்பில் இருப்பார்.

என் அக்கா மகனும் இப்போது பாலங்களைத்தான் பார்த்துக்கொள்கிறான். வடக்கே ஒரு மாநிலத்தில், கட்டி நாற்பது வருஷம் தாண்டிய ஒரு நெடுஞ்சாலைப் பாலம் அவன் கம்பெனியின் பொறுப்பு. பார்த்துக்கொள்வது என்றால் அங்கே போவது என்று நான் நினைத்திருந்தேன். அவன் பெங்களூரில் உட்கார்ந்திருக்கிறான். தளத்தைத் தாங்கும் உத்தரமான கர்டருக்கு அடியில் அதிர்வை அளக்க ஒரு கருவி, கான்கிரீட் இழுபடுவதைச் சொல்ல ஸ்ட்ரெய்ன் கேஜ், தூண் சாய்கிறதா என்று பார்க்க டில்ட் மீட்டர், தூணுக்கும் கர்டருக்கும் நடுவிலுள்ள பேரிங் பக்கத்தில் நகர்வைக் குறிக்க ஒன்று, வெயிலை அளக்க ஒன்று. ஒயர் எல்லாம் போய்ச் சேருவது ஒரு பெட்டியில். பெட்டிக்கு மேலே சோலார் பேனல், உள்ளே ஒரு சிம் கார்டு.

"பாலத்துக்கே போன் நம்பர் இருக்கு மாமா" என்றான்.

எங்கள் காலத்தில் ஏ.இ.க்கே போன் கிடையாது.

எங்கள் செக்‌ஷனில் கேங் மேஸ்திரி ஒருவர் இருந்தார். கையெழுத்துப் போட மட்டும் தெரியும், அதுவும் சம்பள நாளில் மட்டும். சுத்தியால் நான் தட்டினால் எல்லா இடத்திலும் எனக்கு ஒரே சத்தம்தான் கேட்கும். அவர் தட்டுவார், நிற்பார், இரண்டடி தள்ளித் தட்டுவார், தலையைச் சாய்ப்பார். "இங்கேருந்து இதுவரைக்கும் டொப்புன்னு கேக்குதுங்க சார்" என்று விரலால் வளைத்துக் காட்டுவார். அவர் விரல் போன வழியில் நான் சாக்பீஸால் கோடு போடுவேன். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்தால் ஊதும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும், மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டை அது தள்ளிக்கொண்டு வரும். வெளியில் இருந்து பார்த்தால் பூசினாற்போலப் பளபளவென்று இருக்கும். சுத்தி பட்டால்தான் உள்ளே விட்டுப்போயிருப்பது தெரியும். கல்லூரியில் இதைப் படித்திருந்தேன். காதில் விழச்செய்தவர் மேஸ்திரி.

இன்னொரு சென்சார், பாலத்தின் வடகரையில் டீக்கடை போட்டிருந்தவர். ஒருநாள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "லாரி ஏறுறப்போ முன்னெல்லாம் டக்குனு ஒரு சத்தம்தான் வரும். இப்ப டடக்குனு ரெண்டு வருது சார்." போய்ப் பார்த்தோம். எக்ஸ்பான்ஷன் ஜாயிண்டில் ஒரு பக்கத்து ஆங்கிள் கழன்று, சக்கரம் ஏறும்போது ஒரு தரமும் இறங்கும்போது ஒரு தரமும் அடித்துக்கொண்டிருந்தது. இருபத்துநாலு மணி நேரமும் ஒரே இடத்தில், ஒரே காதால், பல வருஷம் பதிவு செய்த தகவல் அது. தரவு என்ற சொல் அப்போது எங்கள் ஆபீஸ் பக்கம் வந்திருக்கவில்லை. டீக்குக் காசு கொடுத்தோம், தகவலுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

விரிசல் வளர்கிறதா, பழைய விரிசலா என்பதற்கு ஒரு முறை இருந்தது. விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அப்பி ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவிட்டு வர வேண்டும். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். டெல்-டேல் என்று அதற்குப் பெயர். பேட்டரி வேண்டாம், சிம் கார்டு வேண்டாம், மின்னல் அடித்தாலும் கெடாது. ஒரே குறை, ஆடு முட்டினாலும் உடையும். ஆற்றுக்குக் குளிக்கப் போகும் பையன்களுக்கு, சுவரில் கண்ணாடி ஒட்டியிருந்தால் கல்லால் அடித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆகவே உடைந்த கண்ணாடியைப் பார்த்தால் முதலில் கீழே கல் கிடக்கிறதா, புழுக்கை கிடக்கிறதா என்று தேடுவோம். இரண்டும் இல்லாவிட்டால்தான் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

இதை அக்கா மகனிடம் சொன்னபோது சிரித்தான். பிறகு யோசித்துவிட்டு, "எங்களுக்கும் அதேதான் மாமா. ஆட்டுக்குப் பதிலா வெயில்" என்றான்.

இந்த வெயில் விஷயம் எனக்குப் பிடித்துப்போயிற்று. நூறு மீட்டர் கான்கிரீட், வெப்பம் 30 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 36 மில்லிமீட்டர் நீளும். அதற்காகத்தான் ஜாயிண்டும் பேரிங்கும். நீள்வதை அளப்பது சுலபம். அதிர்வுதான் தொல்லை. ஒவ்வொரு பாலத்துக்கும் தனக்கென்று ஒரு அதிர்வெண் உண்டு. உள்ளே எங்கேயாவது பலவீனமானால் விறைப்பு குறையும், அதிர்வெண்ணும் இறங்கும். எழுத்தில் பார்த்தால் எவ்வளவு அழகான சித்தாந்தம்! சுவிட்சர்லாந்தில் இசட்-24 என்று ஒரு பாலம் இருந்தது. பெர்னிலிருந்து சூரிச் போகும் நெடுஞ்சாலைக்கு மேலே கடந்த சின்னப் பாலம். 1998இல் எப்படியும் இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததால், ஆராய்ச்சிக்காரர்கள் அதற்கு முன்பு ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைய அளந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் தூணைக் கொஞ்சம் இறக்கி, கேபிளை அறுத்து, படிப்படியாக வேண்டுமென்றே சேதப்படுத்தி அளந்தார்கள். சேதம் தெரிந்தது, உண்மைதான். ஆனால் குளிர்காலத்தில் மேலே போட்டிருந்த தார்த்தளம் உறைந்து விறைத்தபோது அதிர்வெண் எகிறியிருந்தது, அது சேதத்தால் வந்த மாற்றத்தையே மறைக்கப் போதுமானது. பாலம் குளிரில் ஆரோக்கியமாகவும் வெயிலில் நோயாளியாகவும் தெரிந்தது. அப்படியானால் சித்திரை வெயிலில் நம் ஊர்ப் பாலம் என்ன பாடுபடும்! முதலில் வெயிலின் கணக்கைக் கழிக்க வேண்டும், பிறகு போக்குவரத்தின் கணக்கைக் கழிக்க வேண்டும், மிச்சம் நிற்பதுதான் விரிசலின் கணக்கு. அந்தக் கழித்தலைத்தான் இப்போது கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டிருக்கிறது என்றான். கற்றுக்கொள்ள ஒரு முழு வருஷமாவது ஆகுமாம், எல்லாப் பருவத்தையும் அது ஒருமுறை பார்த்தாக வேண்டும். ஒப்பந்தத்தின் காலம் எவ்வளவு என்று கேட்டேன். அதற்கும் சிரித்தான்.

எங்கள் காலத்திலும் கனமான விஞ்ஞானம் நடந்தது என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன். சந்தேகப்பட்ட பாலத்துக்குச் சுமைச் சோதனை. மணல் மூட்டை ஏற்றிய லாரிகளைக் குறிப்பிட்ட இடத்தில் நிறுத்தி, கர்டருக்கு அடியில் சவுக்குக் கம்பால் சாரம் கட்டி, அதில் டயல் கேஜைப் பொருத்தி, கர்டர் எவ்வளவு தொய்கிறது என்று மணிக்கு ஒரு தரம் எழுத வேண்டும். 24 மணி நேரம் சுமை நிற்கும். இறக்கிய பின் இன்னொரு 24 மணி நேரம் காத்திருந்து, தொய்ந்ததில் எவ்வளவு திரும்பியது என்று பார்க்க வேண்டும். சாதாரண ஆர்.சி.சி. என்றால் 75 சதவீதம், பிரீஸ்ட்ரெஸ் என்றால் 85 சதவீதம் திரும்பினால் பாலம் தேறியது. டயல் கேஜில் ஒரு கோடு என்பது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அவ்வளவு நுட்பம். ஒரு சோதனையில் பின்னிரவு மூன்று மணிக்கு முள் திடீரென்று குதித்தது. பொறுப்பிலிருந்த உதவிக் கோட்டப் பொறியாளருக்கு (ஏ.டி.இ.) முகம் வெளுத்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால், யாரோ புண்ணியவான் தன் கன்றுக்குட்டியைச் சாரக் கம்பில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். அது அரிப்பெடுத்துக் கம்பில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அந்த ரீடிங்கை அறிக்கையில் எப்படி எழுதுவது என்பதில் பொழுது விடியும்வரை விவாதம். கடைசியில் ‘புறக்காரணங்களால்’ என்று எழுதினோம்.

அறிக்கை என்றதும் நினைவுக்கு வருகிறது. கண்டுபிடிப்பதில் எங்களுக்குப் பெரிய சிரமம் இருந்ததேயில்லை. இதை இளைஞர்கள் நம்புவதில்லை. மழைக்கு முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம் பாலங்களைப் பார்த்துப் படிவம் நிரப்புவோம். கரையோரத் தாங்குசுவரான அபட்மெண்டில் முளைத்த அரசங்கன்று, அடைத்துப்போன தண்ணீர்க் குழாய், பேரிங்கில் சேர்ந்த மண், தெரிகிற கம்பி, எல்லாம் எழுதுவோம். ஒரு வருஷம் ஒரு பாலத்தில் நான் எழுதியது: ‘மூன்றாவது தூணின் கிணற்று அடித்தளம் ஏழு அடி வெளியே தெரிகிறது. உடனடி நடவடிக்கை தேவை.’ ஏ.டி.இ. மேசையைத் தாண்டியபோது அது ‘மூன்றாவது தூணருகே அரிப்பு காணப்படுகிறது’ என்று ஆகியிருந்தது. கோட்டப் பொறியாளரான டி.இ. மேசையில் ‘சிறிதளவு அரிப்பு’. அதற்கு மேலே போய்த் திரும்பி வந்தபோது ‘கவனத்தில் கொள்ளப்பட்டது. தொடர்ந்து கண்காணிக்கவும்’ என்ற குறிப்போடு வந்தது. ஏழு அடி எந்த மேசையில் கரைந்தது என்று சொல்ல முடியாது. யாரும் பொய் எழுதவில்லை. ஒவ்வொருவரும் ஒரு பிடி மண்ணைப் போட்டு மூடினார்கள், அவ்வளவுதான்.

காரணம் கெட்ட எண்ணம் அல்ல. கோப்பில் ஆபத்து என்று எழுதியவன் தப்பிவிடுவான். அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டவன்தான் மாட்டுவான். ஆபத்து என்று தெரிந்தபின் பாலத்தை மூடவில்லை என்றால் குற்றம். மூடினாலோ பஸ் இருபது கிலோமீட்டர் சுற்ற வேண்டும், கரும்பு டிராக்டர் சுற்ற வேண்டும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுற்ற வேண்டும், மறுநாள் காலையில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கூட்டம் நிற்கும். தெரியாமல் இருப்பதுதான் மூன்று பக்கமும் பாதுகாப்பு.

அந்தத் தூண் ஏன் ஏழு அடி வெளியே வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆற்று மணல். நம் ஆறுகளில் பாலத் தூண்கள் பெரும்பாலும் மணலுக்குள் இறக்கிய கிணறுகளின் மேல் நிற்கின்றன. கிணற்றைச் சுற்றியுள்ள மணல்தான் அதன் பிடிமானம். பாலத்துக்கு மேலும் கீழும் இவ்வளவு தூரத்துக்குள் அள்ளக்கூடாது என்று விதி உண்டு. போர்டும் உண்டு. போர்டில் சாய்ந்து நின்றுதான் டிரைவர்கள் பீடி பிடிப்பார்கள். அந்த லாரி என்ன செய்கிறது பாருங்கள். இரவில் ஆற்றுக்குள் இறங்கி, தூணின் காலடியில் இருக்கும் மணலை ஏற்றிக்கொள்கிறது. அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றிக்கொள்கிறது. பிறகு கரையேறி, அதே பாலத்தின் மேல் அதே மணலோடு போகிறது. அடியில் தாங்குவதைக் குறைத்துவிட்டு, மேலே தாங்க வேண்டியதைக் கூட்டுகிற இந்த ஏற்பாட்டை எந்தப் பொறியியல் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. இப்போது அடியில் மணல் மட்டத்தை ஒலியலையால் அளக்கும் கருவி வைக்கலாம், மேலே கர்டரில் ஸ்ட்ரெய்ன் கேஜ் வைக்கலாம். இரண்டும் ஒரே லாரியைத்தான் இரண்டு முறை காட்டிக்கொடுக்கும். எங்கள் மேஸ்திரி லாரி நம்பரையே எழுதிக் கொடுப்பார், ஆமாம், கையெழுத்தைத் தவிர எழுதத் தெரியாதவர்தான், ஆனால் எண்கள் தெரியும்.

சென்சார் வந்தால் இந்தக் கதை முடிந்துவிடும் என்று நான் உண்மையாகவே நம்பினேன். கருவிக்குப் பதவி உயர்வு கிடையாது, இடமாற்றல் கிடையாது, ஏழு அடியை அது ஏழு அடி என்றுதான் சொல்லும். ஓய்வுபெற்ற பிறகு வேலை இல்லாததால் உலகத்துப் பாலங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டது அங்கேதான்.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் ஃபெர்ன் ஹாலோ என்ற பாலம் 2022 ஜனவரி 28 அன்று விடிகாலையில் விழுந்தது, ஒரு பஸ்ஸையும் சில கார்களையும் சேர்த்துக்கொண்டு. நல்லவேளை, யாரும் சாகவில்லை. அன்றைக்கு அதே ஊருக்கு அப்போதைய ஜனாதிபதி பைடன் வருவதாக இருந்தது. எதற்கு? உள்கட்டமைப்பைப் பற்றிப் பேச. சாக்கடைத் துவாரங்கள் அடைத்து, தண்ணீர் வழிந்து, பாலத்தின் கால்கள் துருவேறிக்கிடந்ததை ஆய்வாளர்கள் வருஷாவருஷம் எழுதியிருக்கிறார்கள். பத்து வருஷமாகவே அதற்கு ‘மோசம்’ என்ற மதிப்பெண். ஒரு வழிப்போக்கர் 2018இலேயே, அடியில் குறுக்குச் சட்டம் துருப்பிடித்து அற்றுப்போயிருப்பதைப் படம் எடுத்து நகராட்சிக்கு ட்வீட் செய்திருக்கிறார். விசாரித்த போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், சொன்னதைச் செய்யாததுதான் காரணம் என்று எழுதியது. படித்தபோது எனக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனதுபோல இருந்தது.

மெம்பிஸில் இன்னும் விசேஷம். மிசிசிப்பி ஆற்றின் மேல் ஐ-40 நெடுஞ்சாலைப் பாலத்தில், தாங்கும் எஃகுச் சட்டம் ஒன்று வாய் பிளந்து நிற்பதை 2021 மே மாதம் ஒரு ஆய்வுக்குழு பார்த்தது. பார்த்தவர் கோப்பு எழுதவில்லை. 911க்கு போன் போட்டு, உடனே போக்குவரத்தை நிறுத்து என்றார். அந்த ஆளைத் தேடிப்போய் ஒரு மாலை போட வேண்டும் என்று தோன்றியது. பாலம் ஏறக்குறைய மூன்று மாதம் மூடிக்கிடந்தது. பிறகு பழைய படங்களைப் புரட்டியபோது, 2019இல் பறந்த ட்ரோனின் வீடியோவிலேயே அந்த விரிசல் தெளிவாக இருந்தது. ட்ரோன் பார்த்துவிட்டது. ட்ரோன் பார்த்ததைப் பார்க்க ஆள் இல்லை.

மினியாபொலிஸில் 2007 ஆகஸ்டில் விழுந்து 13 பேரைக் கொன்ற பாலத்திலும், வளைந்துபோன இணைப்புத் தகடுகள் 2003இல் எடுத்த போட்டோக்களில் இருந்தன. அதற்குப் பதிலாக அடுத்த வருஷமே கட்டிய புதுப் பாலத்தில் 323 சென்சார்கள் பதித்தார்கள். இது உலகம் முழுவதும் ஒரே வழக்கமாகத்தான் இருக்கிறது. கருவி எல்லாம் புதுப் பாலத்துக்கு. தள்ளாடுகிற பழசுக்குப் பெரும்பாலும் சுத்திதான்.

நம் நாட்டில் கணக்கெடுப்பே 2016 அக்டோபரில்தான் ஒழுங்குக்கு வந்தது. அந்த வருஷம் ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தில், மகாட் அருகே சாவித்திரி ஆற்றில் பிரிட்டிஷ் காலத்துப் பாலம் இரவு வெள்ளத்தில் பஸ்களோடு போய்விட்டது. அக்டோபரில் மத்திய அரசு தேசிய நெடுஞ்சாலைப் பாலங்களுக்கான மேலாண்மை முறையைத் தொடங்கியது. 1.7 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலங்களுக்கும் சிறுபாலங்களுக்கும் எண் கொடுத்து, நிலைமைக்கு மதிப்பெண் போட்டார்கள். பெரிய வேலைதான், கிண்டல் செய்ய மாட்டேன். ஆனால் 2025 ஜூலை 9 அன்று குஜராத்தில் மஹிசாகர் ஆற்றின் மேல் கம்பீரா பாலம் நடுவில் விழுந்து, வண்டிகள் ஆற்றில் கொட்டின. இருபது உயிருக்குக் குறையாமல் போயிற்று. 1985இல் திறந்த பாலம். அது அதிர்கிறது என்று உள்ளூர்க்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். அவர்களுக்கு யாரும் பேட்டரி போடவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒன்று நம் பக்கத்திலேயே, பாம்பனில் இருந்தது. ரயில் பாலம் என்பதால் என் துறையில் சேராது, ஆனாலும் பொறாமையோடு சொல்கிறேன். 1914இல் திறந்த அந்தப் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும். ரயில் நிற்கும். அவ்வளவுதான். யாரும் யாருக்கும் குறிப்பு எழுதியதில்லை, காற்று ‘சிறிதளவு’ ஆனதில்லை. பின்னாளில் ஐ.ஐ.டி. மெட்ராஸ்காரர்கள் அந்த முதிய இரும்பில் சென்சார்களையும் வைத்தார்கள். 2022 டிசம்பரில் தூக்குப் பகுதியைப் பற்றி அவை எச்சரித்ததும் ரயிலை நிறுத்தினார்கள், அதன்பின் அதில் ரயில் ஓடவேயில்லை. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தது. கருவிக்கும் சிவப்பு விளக்குக்கும் நடுவில் எத்தனை மேசை இருக்கிறது என்பதுதான் கணக்கு. ரயிலுக்கு மேசை குறைவு. ரோட்டுக்குச் சிவப்பு விளக்கே கிடையாது.

மூடுவது முடியாத காரியமும் அல்ல. திருச்சியில் 1976இல் கட்டிய காவிரிப் பாலத்தில் பேரிங் மாற்றுவதற்காக 2022 செப்டம்பரில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் சுற்றிச் சுற்றிப் போனார்கள், திட்டினார்கள், 2023 மார்ச்சில் திறந்ததும் மறந்துவிட்டார்கள். பக்கத்துக் கொள்ளிடத்தில் 1928ஆம் வருஷத்துப் பழைய பாலம் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சரிந்து விழுந்தபோது, வண்டிகள் ஏற்கெனவே புதுப் பாலத்துக்கு மாறியிருந்தன. கரையில் நின்று ஜனங்கள் போனில் படம் எடுத்தார்கள். ஒரு பாலம் விழுவதற்கு அதைவிட நல்ல முறை இல்லை.

மீண்டும் அக்கா மகன். அவன் பாலம் மூன்று நிறத்தில் பேசும்: பச்சை, மஞ்சள், சிவப்பு. எந்த அளவைத் தாண்டினால் எந்த நிறம் என்று ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். சிவப்பு வந்தால் பெட்டியிலிருந்து எஸ்.எம்.எஸ். தானாகப் போகும். யார் யாருக்குப் போக வேண்டும் என்று பட்டியல் கேட்டபோது, முதலில் நிறையப் பேர் நம்பர் கொடுத்தார்களாம். எஸ்.எம்.எஸ். வரத் தொடங்கியதும் ஒவ்வொருவராக, "எனக்கு வேண்டாம், அவருக்கு அனுப்புங்கள்" என்று கழன்றுகொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கோப்பாக இருந்தால் படிக்கவில்லை என்று சொல்லலாம். எஸ்.எம்.எஸ்.ஸில் எத்தனை மணிக்கு வந்தது என்பதுவரை நிற்கிறதே! கடைசியில் பட்டியலில் மிஞ்சியவர்களில் ஒருவர் மாற்றலாகிப் போனவர், இன்னொருவர் ரிட்டயர் ஆனவர். பேரப்பிள்ளையைத் தூங்கவைக்கும் நேரத்தில் அவருக்குப் பாலத்தின் நாலாவது கண்ணின் (இரண்டு தூண்களுக்கு நடுவிலுள்ள பகுதி) சாய்வைப் பற்றித் தகவல் வந்துகொண்டிருக்கிறதாம்.

"சோதனைக்கு உங்க நம்பரையும் சேத்து வைக்கட்டா மாமா?" என்றான் ஒருநாள். சேர்த்துக்கொள் என்றேன். மே மாதம் முழுவதும் மத்தியானம் இரண்டு மணிக்கு ஒன்று தவறாமல் வந்தது. வெயில் என்று புரிந்துகொண்டேன். என் மனைவிக்கு அது சாப்பாட்டு மணியாகப் பழகிவிட்டது. ஜூன் கடைசியில் இரவு ஒரு மணிக்கு ஒன்று வந்தது. மறுநாள் இரவும் வந்தது, அதே நேரம், அதே கண், அதே பக்கம். வெயில் இல்லாத நேரம். எனக்குத் தூக்கம் போய்விட்டது. லாரி, இரவு, ஒரே பக்கம். மேஸ்திரி இருந்தால் நம்பரே சொல்லியிருப்பார்.

காலையில் அவனைக் கூப்பிட்டேன். "பாத்தோம் மாமா. ஓவர்லோடு வண்டிங்கதான். ரிப்போர்ட்ல போட்டு அனுப்பிட்டோம்" என்றான்.

"அனுப்பி?"

"மீட்டிங் வச்சாங்க. எல்லை ரொம்பக் கீழே இருக்கு, தேவையில்லாம சிவப்பு வருதுன்னு சொன்னாங்க. கொஞ்சம் ஏத்தி வச்சிருக்கோம்."

"எவ்வளவுப்பா?"

"வராத அளவுக்கு மாமா."

நான் எழுதிய ஏழு அடி கரைவதற்கு மூன்று மேசையும் இரண்டு மாதமும் ஆகியிருந்தன. இப்போது ஒரு கட்டத்தில் ஒரு எண்ணை அழித்து வேறு எண்ணை அடித்தால் போதும், ஒரு நிமிஷ வேலை. கையெழுத்துக்கூட வேண்டாம். தொழில்நுட்பம் வளர்ந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதன்பின் எனக்கு எஸ்.எம்.எஸ். வரவில்லை. தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன் ஒரு செய்தி சொன்னான். அந்தக் காலாண்டில் ஒரு சிவப்பு எச்சரிக்கையும் இல்லாமல் பாலத்தைப் பராமரித்ததற்காக அவன் கம்பெனிக்குப் பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறதாம். ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டித்திருக்கிறார்கள்.